மன்னிப்பு யாருடைய உடைமை?

திருமணம் ஒன்றின் பொருட்டு அண்மையில் திருவண்ணாமலைக்குச் சென்றிருந்தோம். மறுநாள் பௌர்ணமி. 14 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சுற்றுப் பாதையை நடந்தே வலம் வருவதற்காக வெளியூர் மக்கள் முதல்நாள் மாலையே பேருந்துகளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தனர். நாம் தங்கியிருந்த உறவினர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மலையும் தெரியும். கோயிலின் கோபுரங்களும் தெரியும். இஷாத் தொழுகை முடிந்து, உணவும் முடிந்து, வீட்டார் அனைவரும் கூடத்தில் அமர்ந்திருந்த வேளையில் தொலைக்காட்சியில் பழைய படமொன்று ஓடிக்கொண்டிருந்தது. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் அப்படத்தைப் பார்க்கலாம் என்று மூத்தவர்களே சொன்னதால் எவரும் எழுந்து போகவில்லை.

படம் முடிந்ததும் அவ்வீட்டின் மூத்த பெண்மணி பெருமூச்சு விட்டார். “பாவம், அவனும் திருந்திட்டான். அவனுக்கே கட்டி வெச்சிருந்தா ரெண்டு பேருக்கும் நல்லதாப் போயிருக்கும்” என்றார். “நம்ம மார்க்கமா இருந்தா இரண்டாந்தாரமாக்கூடக் கட்டிக்கிட்டிருக்கலாமே” என்று மற்றொருவர் ஒத்து ஊதினார். அப்போது கல்லூரியில் படிக்கும் அவ்வீட்டுப் பெண், “யாருக்குப் பெரியம்மா நல்லது?” என்று கேட்டாள். கேள்வி மெதுவாகத்தான் வந்தது. ஆயினும் கூடத்தில் எவரும் பதில் சொல்லவில்லை. அவரவர் பாயை விரிக்கப் போய்விட்டனர்.

அந்தக் கேள்வியை நாம் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதைப் பற்றித்தான் இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

இக்கதையின் வரலாற்றை அறியாத இளைய வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். 1966-ஆம் ஆண்டு ‘ஆனந்த விகட’னில் ஜெயகாந்தன் ‘அக்கினிப் பிரவேசம்’ என்றொரு சிறுகதை எழுதினார். மழை பெய்யும் ஒரு மாலை; பேருந்துக்காகக் காத்து நிற்கும் ஏழைக் கல்லூரி மாணவி; அவளருகே வந்து நிற்கும் பெரிய கார்; அதில் ஒரு செல்வர் வீட்டு இளைஞன். உலகமறியாத அச்சிறுமியின் திகைப்பை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறான். நனைந்து வீடு திரும்பிய மகள் நடந்ததைத் தாயிடம் சொல்கிறாள். முதலில் பதறி அடித்த தாய், பின்னர் தன்னைத் தேற்றிக்கொண்டு, மகளின் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுகிறாள். அவள்மேல் எந்தக் களங்கமும் இல்லை என்று உறுதி சொல்லி அவளை வாழ்வுக்குத் திருப்பி அனுப்புகிறாள்.

அக்கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஒரு தாய் அவ்வாறு செய்யலாமா என்று பலர் கொதித்தனர். ஜெயகாந்தன் அந்தக் கொதிப்புக்கு விடையாக மற்றொரு கேள்வியை எடுத்துக்கொண்டார். அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல் தெருவே கேட்கும்படி அலறியிருந்தால் அப்பெண் என்ன ஆகியிருப்பாள்? அதன் விடையே 1970-இல் வெளிவந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். 1972-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு அதற்குக் கிடைத்தது. பின்னர் ஏ. பீம்சிங் இயக்கத்தில் அது படமாயிற்று. கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அளிக்கப்பட்டது. பிரபுவாக ஸ்ரீகாந்தும், எழுத்தாளர் ஆர்.கே.வி.யாக நாகேஷும் நடித்தனர்.

நாவலிலும் படத்திலும் தாய் அலறுகிறாள், தெரு கூடுகிறது, அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். மாமா ஒருவர் அடைக்கலம் கொடுத்துப் படிக்க வைக்கிறார்; ஆனால் அந்த அடைக்கலத்துக்குள்ளேயே அவருடைய கெட்ட பார்வையும் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கங்கா சென்னையில் மதிப்புமிக்க உத்தியோகத்தில் இருக்கிறாள். சம்பளம் உண்டு, பதவி உண்டு. மனிதர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. பத்திரிகையில் வந்த ஒரு கதை தன் கதையைப் போலவே இருக்கக் கண்டு, அதை எழுதியவர் மூலமாக அன்றைய அந்த மனிதனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவனோ இப்போது செல்வத்தின் நிழலில் ஒதுங்கி வாழும் ஒரு சிதைந்த மனிதன். குடி, மனைவியின் வெறுப்பு, மகள்முன் தலைநிமிர முடியாத நிலை. இவள் யாரென்று அறிந்ததும் கூனிக் குறுகுகிறான். ஊரார் என்ன பெயர் வைத்தாலும் கவலையின்றி, உடலுறவு ஏதுமற்ற ஒரு நட்பு அவர்களிடையே வளர்கிறது. கங்காவின் பக்கத்தில் அது காதலாகவே முற்றுகிறது. கடைசியில் அவள் வேறொருவரை மணந்து நல்வாழ்வு பெற வேண்டும் என்று சொல்லிப் பிரபு விலகிவிடுகிறான். கங்கா மறுபடியும் தனியளாகிறாள்.

கெடுத்தவனிடத்திலேயே கெடுக்கப்பட்டவளுக்கு அன்பு பிறக்குமா என்று கேட்பவர் இன்றும் உளர். படத்தைப் பார்க்கையில் நமக்கு ஒன்று தோன்றிற்று. அந்த மழைமாலையில் நடந்தது இன்னதென்று உலகில் அறிந்தவர் இருவரே. தாய்க்கும் அண்ணனுக்கும் மாமாவுக்கும் தெருவாருக்கும் அதைப் பற்றி அபிப்பிராயம் உண்டு, அறிவு இல்லை. தான் தவறு செய்யவில்லை என்பதற்கு அவளுக்கு இருந்த ஒரே சாட்சி, அவளுக்குத் தவறு இழைத்தவன்தான். அவள் முதலில் தேடிப் போனது அந்தச் சாட்சியைத்தான் என்று நாம் கருதுகிறோம். அவன் மறுக்காமல், மழுப்பாமல், பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டான். பன்னிரண்டு ஆண்டுகளாக எவரும் அவளிடம் சொல்லாத ஒன்றை அவன் வாயிலிருந்து கேட்டபோது அவள் நெஞ்சு இளகியதில் வியப்பென்ன? மற்றவர் முன்னிலையில் அவள் எப்போதும் குற்றவாளி. அவன் முன்னிலையில் மட்டுமே குற்றமற்றவள். அவனுக்கும் அப்படியே. அவனை வெறுப்பதற்கு முழு உரிமை பெற்ற ஒருத்தி வெறுக்காமல் பேசுகிறாள் என்பது, குடியில் மூழ்கிய அந்த உயிருக்குக் கிடைத்த முதல் கைப்பிடி.

ஆக, அவர்களுடைய நேசம் நம்பத் தகாதது அன்று. ஆனால் நேசம் உண்மையானது என்பதனால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாமா? நம்முடைய பெரியம்மா அப்படித்தான் நினைத்தார். ‘அவன் திருந்திவிட்டான், இனி என்ன?’ என்பது அவருடைய வாதம். அவருடைய நல்ல மனத்தை நாம் அறிவோம். எனினும் திருந்துதல் என்றால் என்ன என்பதை நம் மார்க்க அறிஞர்கள் எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் தவ்பாவைப் பற்றிய பாடத்தின் தொடக்கத்தில் அதன் நிபந்தனைகளைக் கூறுகிறார்கள். பாவம் இறைவனுக்கும் அடியானுக்கும் இடைப்பட்டதாக மட்டும் இருந்தால் நிபந்தனைகள் மூன்று: பாவத்தை விட்டு விலகுதல், செய்ததற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என்று உறுதி கொள்ளுதல். பிற மனிதர் ஒருவரின் உரிமை அதில் பாதிக்கப்பட்டிருந்தால் நான்காவது ஒன்றும் சேர்ந்துகொள்கிறது: அந்த மனிதரிடம் அவ்வுரிமையைத் தீர்த்தாக வேண்டும். பொருளாயின் திருப்பித் தர வேண்டும்; பழியாயின் அவரிடம் மன்னிப்புப் பெற வேண்டும். முதல் மூன்றையும் ஒருவன் தன் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு செய்துவிட முடியும். நான்காவதற்கு அவன் கதவைத் திறந்து வெளியே போக வேண்டும். மற்றொருவர் வாசலில் நிற்க வேண்டும். அந்த வாசல் திறக்குமா, திறக்காதா என்பது அவன் கையில் இல்லை.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதை எண்ணியபோது, அவ்வூரார் சொல்லும் அருணகிரிநாதர் கதை நினைவுக்கு வந்தது. டி.எம். சௌந்தரராசன் நடித்து 1964-இல் வெளிவந்த படத்தின் வாயிலாக அக்கதையைத் தமிழ்நாட்டில் நம்மவரும் அறிந்திருக்கிறார்கள். இளமையில் தீய வழியில் நடந்து, பொருளை அழித்து, தம்மையே தாயாக வளர்த்த தமக்கையைக் கண்ணீர் விடச் செய்தவர். தமக்கையின் சொல் சுட்டதும் தம்மை வெறுத்து, கோபுரத்தின் மேலேறிக் குதித்தார் என்றும், தெய்வம் தாங்கிக் காத்து அவரைப் பாடச் செய்தது என்றும் அக்கதை செல்கிறது. வீழ்ந்தவனைத் தாங்கும் கருணையை மக்கள் நூற்றாண்டுகளாகப் போற்றி வருவது இயல்பே. ஆயினும் அக்கதையைக் கேட்கும்போதெல்லாம் நம் மனம் அந்தத் தமக்கையிடம் போய் நிற்கிறது. தம்பி தாங்கப்பட்டான், அவள் கண்ணீரை யார் துடைத்தார்கள்?

இதை மாற்றார் கதையில் குறை காண்பதற்காகச் சொல்லவில்லை. நம் வரலாற்றிலும் திருந்தியவரின் கதையை ஆர்வமாய்ச் சொல்வோம். புண்பட்டவரின் கதையைச் சுருக்கமாய் முடித்துவிடுவோம். ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) அவர்களின் கதையை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! வழிப்பறிக்காரராக இருந்தவர், தாம் விரும்பிய பெண்ணைக் காண இரவில் சுவரேறியபோது, உள்ளங்கள் இறைநினைவில் உருகுவதற்குக் காலம் வரவில்லையா என்னும் கருத்துடைய திருமறை வசனம் ஓதப்படுவதைக் கேட்டார், அங்கேயே மனம் திரும்பினார். பெரும்பாலான சொற்பொழிவுகள் அந்தச் சுவரின் மேலேயே முடிந்துவிடுகின்றன. இறைநேசர்களின் வரலாறுகளைத் தொகுத்த ஃபரீதுத்தீன் அத்தார் (ரஹ்) அவர்கள் அதற்கு மேலும் சொல்கிறார்கள். ஃபுளைல் தாம் கொள்ளையிட்டவர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று அவர்களுடைய மனத்தைக் குளிரச் செய்தார். ஒரு யூதர் மட்டும் இணங்கவில்லை. ஒரு மணற்குன்றைக் காட்டி, அதை அகற்றினால்தான் ஆயிற்று என்றார். அந்த மாபெரும் மனிதர் மறுசொல் பேசாமல் மண்வாரத் தொடங்கினார். ‘நான்தான் திருந்திவிட்டேனே’ என்று அவர் வாதாடவில்லை. கடன் கொடுத்தவருக்கே தவணையை நிர்ணயிக்கும் உரிமை உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார்.

இந்த உரைகல்லில் பிரபுவை உரைத்துப் பார்ப்போம். வருத்தம் உண்டு, அதில் ஐயமில்லை. பாவத்தை விட்டதும் உண்மை. கங்காவிடம் அவன் மீண்டும் எல்லை மீறவில்லை. நான்காவது நிபந்தனையில்தான் அவன் தடுமாறுகிறான். பன்னிரண்டு ஆண்டுகள் அவன் எந்த வாசலுக்கும் போகவில்லை. வாசல்தான் அவனைத் தேடி வந்தது. வந்தபின் உண்மையை ஒப்புக்கொண்டான். அது அவனுக்குப் பெருமை. ஆனால் கடைசியில் அவளுக்கு எது நன்மை என்பதைத் தானே தீர்மானிக்கிறான். அவளால் தாங்க முடியாத ஒரு முடிவை அவளுடைய நன்மைக்காகவே என்று சொல்லி அவள்மேல் வைத்துவிட்டு அகல்கிறான். கடன்பட்டவன் தானே கணக்கெழுதித் தானே ‘தீர்ந்தது’ என்று கோடிட்டுவிட்டான். கடன் கொடுத்தவளைக் கேட்கவில்லை.

இங்கே நேர்மையான ஒரு மறுப்பு எழும். அவனுக்கு மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள், அந்நியர் இருவர் அவ்வாறு தனித்துப் பழகுவதை நம் மார்க்கம் ஏற்பதில்லை, எனவே அவன் விலகியது சரியன்றோ? விலகியது சரியே என்று நாமும் சொல்வோம். கங்காவின் துயரத்தில் பங்குகொள்ளும் நாம் பிரபுவின் மனைவியை மறந்துவிடலாகாது. அவளும் உரிமை பறிபோனவள்தான். ஆனால் விலகுவது ஒன்று. விலகும்போது அடுத்தவளின் வாழ்வுக்கு ஏற்பாடு செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வது வேறு. ‘என்னால் உனக்கு இது முடியாது’ என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. ‘உனக்கு இதுதான் நல்லது’ என்று சொல்லும் உரிமையை அவன் அந்த மழைநாளிலேயே இழந்துவிட்டான்.

இரண்டாந்தாரமாக மணந்திருக்கலாம் என்ற கருத்துக்கும் இதே விடைதான். நீதி செலுத்த வேண்டும் என்ற கடுமையான நிபந்தனையோடு மார்க்கம் அனுமதித்த ஒன்றை, ஓர் ஆணின் குற்றத்தை மூடும் போர்வையாக நாம் எடுத்துக்கொள்ளலாமா? அனுமதி என்பது தீர்ப்பாகிவிடாது. அந்தக் கூடத்தில் இருந்த எவரும் கங்காவுக்கு அதில் விருப்பமா என்றோ, பிரபுவின் மனைவிக்குச் சம்மதமா என்றோ கேட்கவில்லை என்பதைக் கவனித்தோம். நாமும் அப்போது கேட்கவில்லை. அந்தக் கல்லூரி மாணவி மட்டுமே கேட்டாள்.

இது ஏதோ படத்தைப் பற்றிய பேச்சு என்று தள்ளிவிட முடியாது. கெடுத்தவனுக்கே கட்டிவைப்பது என்பதை உலகின் பல நாடுகள் சட்டமாகவே எழுதி வைத்திருந்தன. 1810-ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தில், ஒரு சிறுமியைக் கடத்திச் சென்றவன் அவளை மணந்துகொண்டால் தண்டனையிலிருந்து தப்புவதற்கு வழி இருந்தது. இத்தாலியில் வன்முறை செய்தவன் அப்பெண்ணை மணந்தால் குற்றம் அற்றுப்போகும் என்ற பிரிவு 1981 வரை நீடித்தது. 1965-இன் இறுதியில் சிசிலித் தீவில் கடத்திச் செல்லப்பட்ட ஃபிராங்கா வியோலா என்ற இளம்பெண், ஊர் வழக்கப்படி அவனை மணக்க மறுத்து நீதிமன்றம் சென்றார். அவருடைய தந்தை ஒரு சாதாரண உழவர். மகளின் பக்கம் நின்றார். அந்த ஒரு வீட்டின் உறுதி ஒரு நாட்டின் மனச்சாட்சியை உலுக்கிற்று.

அத்தகைய பிரிவுகள் முஸ்லிம் நாடுகள் பலவற்றின் தண்டனைச் சட்டங்களிலும் இடம்பெற்றிருந்தன என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஐரோப்பியச் சட்டத் தொகுப்புகளைப் பின்பற்றி வந்த அவை, நம்மவரின் மானம் பற்றிய தவறான எண்ணத்தில் வசதியாக வேரூன்றிவிட்டன. எகிப்து 1999-இல் அதை நீக்கியது. மொராக்கோவில் தன்னைக் கெடுத்தவனுக்கே மணமுடிக்கப்பட்ட 16 வயதுச் சிறுமி அமீனா ஃபிலாலி 2012-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். 2014-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. துனிசியா, ஜோர்தான், லெபனான் ஆகிய மூன்றும் 2017-இல் தத்தம் பிரிவுகளை நீக்கின. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இருந்ததில்லை. ஆனால் ஊர்ப் பஞ்சாயத்துகளில் அது எழுதாச் சட்டமாக இருந்து வருகிறது. 2015 ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றமே, சிறுமி ஒருத்தியைக் கெடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவனுக்கு, அவளோடு சமரசம் பேசுவதற்கென்று ஜாமீன் வழங்கிற்று. அப்பெண் சமரசத்துக்கு இணங்க மறுத்தாள். அத்தகைய குற்றங்களில் சமரசத்துக்கே இடமில்லை என்று வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம் ஜூலை முதல் நாளில் கூறியதை அடுத்து, அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. கருணை என்ற பெயரில் பெரியவர்களும் எவ்வளவு எளிதாக வழி தவறிவிடலாம் என்பதற்கு இது சான்று.

ஓர் ஆணின் துயரத்தைக் கண்டு இரங்கி, அவனை ஏற்றுக்கொள்ளும்படி ஒரு பெண்ணிடம் சொல்லலாமா? சொல்வதாயின் எந்த அளவு சொல்லலாம்? இதற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே நமக்கு முன்மாதிரி இருக்கிறது. புகாரி ஷரீஃபில் வரும் பரீரா (ரலி) அவர்களின் வரலாறு அது. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற அப்பெண்மணிக்கு, தம் கணவர் முகீஸ் (ரலி) அவர்களோடு தொடர்ந்து வாழ்வதா பிரிவதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை கிடைத்தது. அவர் பிரிவைத் தேர்ந்தார். முகீஸோ அவரை மறக்க மாட்டாமல் மதீனத்துத் தெருக்களில் அவர் பின்னாலேயே, தாடி நனையக் கண்ணீர் விட்டுக்கொண்டு திரிந்தார். கண்டவர் நெஞ்சு உருகும் காட்சி. அண்ணலாரும் இரங்கி, அவரிடம் திரும்பிச் செல்லலாகாதா என்று பரீராவைக் கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவினார். இல்லை, தாம் பரிந்துரைப்பது மட்டுமே என்றார்கள் அண்ணலார். அவ்வாறாயின் தமக்கு அவரிடத்தில் தேவை இல்லை என்று பரீரா சொல்லிவிட்டார். அத்தோடு அப்பேச்சு முடிந்தது.

வாசக அன்பர்களே, சற்று நின்று இதை எண்ணிப் பார்க்க வேண்டும். முகீஸ் தவறிழைத்தவர் அல்லர். மனைவியை நேசித்த கணவர். பரிந்துரைத்தவரோ படைப்புகளிலேயே சிறந்தவர். நேற்றுவரை அடிமையாயிருந்த ஒரு பெண் ‘தேவை இல்லை’ என்றதும், அதற்கு மேல் ஒரு சொல் வற்புறுத்தல் இல்லை. நேசித்த கணவருக்காகவே ஒரு பெண்ணின் மனம் கட்டாயப்படுத்தப்படவில்லை என்றால், கெடுத்தவனுக்காக அவள் மனத்தைக் கட்டாயப்படுத்த நமக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்?

மன்னிக்கும்படி திருமறை ஊக்குவிக்கவில்லையா என்று கேட்கலாம். நிச்சயமாக ஊக்குவிக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு பரப்பியவர்களோடு சேர்ந்துகொண்ட மிஸ்தஹ் (ரலி), அபூபக்ர் (ரலி) அவர்களின் உதவியால் வாழ்ந்த உறவினர். இனி அவருக்கு உதவுவதில்லை என்று அபூபக்ர் சத்தியம் செய்தபோது, பொறுத்து மன்னிக்கும்படியும், இறைவன் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பவில்லையா என்னும் கருத்திலும் அந்நூர் அத்தியாயத்தின் வசனம் இறங்கிற்று. அவர் உடனே உதவியைத் தொடர்ந்தார். ஆனால் அவ்வழைப்பு எவ்வளவு மென்மையாக, எந்த வரிசையில் வந்தது என்பதைக் காண வேண்டும். முதலில் அன்னையின் தூய்மை வானிலிருந்தே நிலைநாட்டப்பட்டது. அவதூறு பரப்பியவர்கள் கண்டிக்கப்பட்டார்கள். அதைக் கேட்டதுமே தம்மைச் சார்ந்தவர்களைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்று விசுவாசிகள் வினவப்பட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகே புண்பட்டவரிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசப்பட்டது. நாமோ வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். பெண்ணின் பழியைத் துடைக்கு முன்பே அவளிடம் பெருந்தன்மையைக் கேட்கிறோம்.

இப்போது அந்தச் சிறுகதையின் தாயிடம் திரும்புவோம். அவள் ஊற்றிய தண்ணீரைப் பற்றி 1966-இல் எவ்வளவோ வாதங்கள் நடந்தன. அபூதாவூத், திர்மிதீ ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) வாயிலாக வரும் ஒரு நிகழ்ச்சியை அறிந்த முஸ்லிமுக்கு அதில் அதிர்ச்சி ஏதும் இருக்க நியாயமில்லை. அண்ணலாரின் காலத்தில் தொழுகைக்குச் சென்ற ஒரு பெண்ணை ஒருவன் வழிமறித்துக் கெடுத்துவிட்டான். அவள் கூச்சலிட்டாள், மக்கள் ஓடிவந்து வேறொரு மனிதரைப் பிடித்துவிட்டனர். அவருக்குத் தண்டனை விதிக்கப்படவிருந்த தறுவாயில், உண்மைக் குற்றவாளி தானே எழுந்து ஒப்புக்கொண்டான். அண்ணலார் அப்பெண்ணைச் செல்லுமாறும், இறைவன் அவளை மன்னித்துவிட்டான் என்றும் கூறினார்கள். தவறாகப் பிடிபட்டவரிடம் இனிய சொல் சொன்னார்கள். அவ்வேளையில் ஏன் வெளியே வந்தாய் என்று அப்பெண்ணை எவரும் கேட்டதாக அந்த அறிவிப்பில் இல்லை. அவனுக்கே அவளை மணமுடித்துவிடலாம் என்ற பேச்சும் இல்லை. அவள் நிமிர்ந்து தன் வீட்டுக்குச் சென்றாள்.

ஜெயகாந்தனின் கதைத்தாய் ஒரு குடம் நீரால் செய்ததும் இதுவே. அலறிய தாய் செய்யத் தவறியதும் இதுவே. கங்கா, பிரபு இருவரின் சிதைவுக்கும் ஒரு காருக்குள் நிகழ்ந்த பாவம் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கங்காவின் பன்னிரண்டு ஆண்டுத் தனிமைக்குக் காரணம் அவளுடைய வீட்டு வாசல். அந்த வாசல் அன்றிரவு திறந்திருந்தால், அவள் தன் குற்றமின்மைக்குச் சாட்சி தேடி அவனிடம் போயிருக்க வேண்டியதே இல்லை. அந்த நேசத்தின் அழகைக் கண்டு நாம் கண்கலங்குகிறோம். தாய்வீட்டில் கிடைத்திருக்க வேண்டிய ஒரு சொல்லை அவள் கெடுத்தவனிடத்தில் பெற நேர்ந்தது என்பதற்காகவும் நாம் கலங்க வேண்டும்.

மன்னிப்பு என்பது புண்பட்டவரின் சொத்து. அவர் விரும்பினால் கொடுக்கலாம். கொடுத்தால் இறைவனிடத்தில் அவருக்குப் பெரும் கூலி உண்டு. விரும்பாவிட்டால் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். அதற்காக அவரைக் கல்நெஞ்சர் என்று பழிக்க எவருக்கும் உரிமையில்லை. கங்கா தன் மனம் கனிந்து கொடுத்தாள். ஆகையால் அது உயர்ந்தது. அதே மன்னிப்பை ஊரும் உறவும் சேர்ந்து ஒரு பெண்ணிடமிருந்து வசூலித்தால் அது இரண்டாவது கொள்ளை.

திருவண்ணாமலையிலிருந்து நாம் புறப்பட வேண்டிய காலையில் அந்தப் பெரியம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். “ராத்திரி அந்தப் புள்ள கேட்டது மனசுலயே நிக்குது. தண்ணி ஊத்தின கதைன்னு என்னமோ சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க” என்றார். சொன்னோம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், “நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல, எங்க தெருவுல இப்படி ஒரு பொண்ணு இருந்துச்சு. பேசக்கூடாதுன்னு யாரும் சொல்லல. ஆனா நாங்க யாரும் அந்த வீட்டுப் படி ஏறல. ஒரு நாள் வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கேயோ போயிட்டாங்க” என்றார். எந்த ஊருக்குப் போனார்கள் என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணும் அவரைப் போன்றோரும் எங்கிருந்தாலும் வல்ல நாயன் அவர்களுக்கு மன அமைதியைத் தருவானாக! நம் தெருவில் நாம் ஏறத் தவறிய படிகளை, காலம் கடந்தேனும் ஏறும் துணிவை நமக்கும் தருவானாக! ஆமீன்.